பள்ளத்தாக்கு வரை ஒரே மூச்சில்

என் மகள் குணமாகிவிட்டாள் என்ற செய்தி, ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தது. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் எங்கள் சபைப் பெண்கள் இருவர். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, இறங்கி பஸ் பிடித்து, பார்வையாளர் நேரத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் லட்டு டப்பா.

"ஸ்தோத்திரம் டீச்சர்! நேத்து சர்ச்சில கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இவங்க அழுதே அழுதுட்டாங்க."

"எதைக் கேட்டு?"

"பாப்பாவுக்குப் பூரண சுகம் கிடைச்சதுக்காக உங்க வீட்டுக்காரர் ஸ்தோத்திர காணிக்கை வச்சிருக்காரே! பாஸ்டர் வாசிச்சாரு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. குணமானவளுக்கும் தெரியாது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கால் இரண்டும் போர்வைக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்களைப் போலக் கிடந்தன. கைகளில் விரல்கள் மட்டும் கொஞ்சம் அசையும். லட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார்கள். அவள் லட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை எழவில்லை. டப்பா சற்று நேரம் அந்தரத்தில் நின்றது.

"அசதியா இருக்கும்" என்றார் ஒருவர்.

"பின்ன? எவ்வளவு பெரிய நோய்லேருந்து எந்திரிச்சிருக்கா!" என்றார் மற்றவர், படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தபடியே.

அவர்கள் ஒரு சிறு ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். அதில் கோரிக்கை எதுவும் இல்லை, நன்றி மட்டும்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு வார்டு ஆயா வந்து டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, லட்டு? பாப்பாக்கு பொறந்த நாளா?"

"இல்ல. உடம்பு சரியாயிடுச்சாம்."

"ஆருக்கு?"

அவளுக்கு இரண்டு லட்டு கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலம் முடிந்த சமயம் இது. இரும்புலியூரில் அப்போதுதான் சொந்தமாகச் சிறிய வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். மழை பெய்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தெரு எது, காலி மனை எது என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கணவர் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தார். மகளுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து, வந்த வேகத்தில் போயும்விட்டன. மழைக்காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான் என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

பிறகு அவளுடைய செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. நடக்கும்போது ஒரு செருப்பு பின்னால் நின்றுவிடும். அது கழன்றதே தெரியாமல் அவள் போய்க்கொண்டிருப்பாள். அவள் அப்பா தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஒரு கடையில் பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கிவந்து இறுக்கிக் கட்டிவிட்டார். அந்த நோய்க்கு நாங்கள் செய்த முதல் வைத்தியம் அதுதான். செருப்பு அதன் பிறகு கழலவில்லை. இரண்டு நாளில் கால் நின்றுவிட்டது.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நோயின் பெயர் இரண்டு பிரெஞ்சுக்காரர்களுடையது. காய்ச்சலை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படை, வழி தவறிப்போய் உடம்பின் நரம்புகளையே தாக்குகிறது என்றார். காலில் தொடங்கி மேலே ஏறும். பெரும்பாலான பிள்ளைகள் எழுந்து நடந்துவிடுவார்கள், மாதங்கள் ஆகலாம். "மூச்சு விடற தசைக்கு ஏறாம இருக்கணும். ஏறினா மெஷின் வைக்கணும். இப்போதைக்கு மருந்துன்னு பெருசா எதுவும் இல்ல. பக்கத்துல இருந்து பாத்துக்கணும், அவ்வளவுதான்."

பக்கத்தில் இருப்பது ஒரு சிகிச்சை என்று சபையில் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கடவுளைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். கஷ்டத்தை எடுத்துப் போடமாட்டார், ஆனால் பக்கத்தில் இருப்பார். கேட்க இதமாக இருக்கும். டாக்டர் அதே வார்த்தைகளைச் சொன்னபோது மட்டும் எனக்குக் கோபம் வந்தது. சும்மா பக்கத்தில் இருப்பதற்கு எதற்கு டாக்டர், எதற்குக் கடவுள் என்று தோன்றியது. அந்த வேலைக்கு நானே போதும்.

மூச்சுத் தசை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவர் ஓர் எளிய வழி வைத்திருந்தார். ஆழமாக மூச்சை இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எத்தனை வரை போகிறது என்பதை வைத்துக் கணிப்பார். காலையிலும் மாலையிலும் அவர் வந்து எண்ணச் சொல்வார். இடையில் என்னையும் எண்ணவைத்துக் கவனிக்கச் சொன்னார். இரண்டாம் நாளே என் மகளுக்கு அலுத்துவிட்டது.

"எல்.கே.ஜி. பிள்ளைங்கதான் ஒன் டூ த்ரீ சொல்லுவாங்க. நான் சங்கீதம் சொல்றேன் டாக்டர். ஒரே மூச்சுல சொல்லுவேன்."

அது உண்மை. சண்டே ஸ்கூல் முடிந்து பெரியவர்களின் ஆராதனை முடியும் வரை, பிள்ளைகள் சர்ச் காம்பவுண்டில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். பைபிளில் மேய்ப்பனைப் பற்றிய அந்தச் சங்கீதத்தை மூச்சு விடாமல் முழுதாகச் சொல்வது அங்கே நடந்த ஒரு பந்தயம். அதில் முதலில் புல் வரும், பிறகு தண்ணீர், பாதை, பள்ளத்தாக்கு, விருந்து, கடைசிப் பக்கம் தலையில் பூசும் எண்ணெய். கபடியில் பாடிக்கொண்டு போவதுபோலத்தான். அர்த்தம் யாருக்கும் தேவைப்படவில்லை, நுரையீரல்தான் தேவை. அந்தப் பந்தயத்தில் என் மகளை அடிக்க ஆள் கிடையாது. கடைசி வார்த்தை முடிந்த பிறகும் மிச்ச மூச்சில் ஒரு நீண்ட ஆமென் போடுவாள்.

டாக்டர் கிறிஸ்தவர் அல்ல. அந்தச் சங்கீதம் எவ்வளவு நீளம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். எண்ணுவதையும் விடக்கூடாது, முதலில் எண், பிறகு சங்கீதம் என்று ஒப்பந்தம். முதல் நாள் அவள் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், எண்ணெய் வருகிற இடம் வரை போனாள். டாக்டர் கைதட்டினார். அப்போது என் கணவரும் இருந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கவனித்தேன். அது எங்கே போய் முடியும் என்று கவனிக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் வீட்டு ஜெபக்குழு ஒன்று இருந்தது. ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஒருவர் அதை நடத்திவந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். வாராவாரம் ஒரு வீட்டில் கூடி, சுகமில்லாதவர்கள், வேலை இல்லாதவர்கள், வரன் அமையாதவர்கள் ஆகியோரின் விண்ணப்பங்களை வரிசையாக ஏறெடுப்பார்கள். வரிசையில் இடம் பிடிப்பது சுலபமல்ல. எங்கள் மகள் சேர்க்கப்பட்ட நாளிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து, மாடிப்படியில் என் கணவரை நிறுத்திப் பேசியிருக்கிறார்.

"பிரதர், கேட்டுக்கிட்டே இருக்கறது விசுவாசம் இல்ல. கிடைச்சாச்சுன்னு நன்றி சொல்றீங்க பாருங்க, அதுதான் விசுவாசம். பிள்ள எண்ணெய் வரைக்கும் வந்துட்டான்னு சொல்றீங்க. அடையாளம் காட்டிட்டாரு. இனிமே என்ன தயக்கம்?"

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சரக்கு லாரியிலிருந்து இறங்கி, பிரித்து, எண்ணி, சரிபார்த்த பிறகுதான் ரசீதில் கையெழுத்துப் போடுவார். அதற்காக மேலதிகாரிகளோடு சண்டை போட்டு, இரண்டு முறை பதவி உயர்வை இழந்தவர். அப்படிப்பட்டவர் மறுநாள் காலையில் சர்ச்சுக்குப் போய், காணிக்கை கவரின் மேல் 'மகளுக்குக் கிடைத்த பூரண சுகத்துக்காக' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டுவிட்டார்.

லட்டு வந்த அந்தத் திங்கட்கிழமை மாலை அலுவலகம் முடிந்து அவர் வந்ததும் கேட்டேன். வராந்தாவில் நின்று பேசினோம்.

"சரக்கு வந்துச்சா?" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. "வரும்."

"வராததுக்கு எதுக்குக் கையெழுத்து?"

"விசுவாசத்துல போட்டேன்."

"இன்னைக்குக் காலைல பள்ளத்தாக்கோட நின்னுட்டா. எண்ணெய்க்கு வரல. நாளைக்குப் பாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க, இன்னும் சுகமாகல, ஜெபம் பண்ணுங்கன்னு."

அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எப்படிச் சொல்றது? அப்ப நேத்து குடுத்த நன்றி? கர்த்தர்கிட்டேருந்து அதத் திருப்பி வாங்க முடியுமா?"

இந்தச் சிக்கல் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடியது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் அவிசுவாசம். சொல்லாவிட்டால் ஜெபிக்க ஆள் இல்லை. கடவுளின் மானத்தைக் காப்பாற்ற, கடவுளிடம் கேட்காமல் இருக்க வேண்டிய நிலைமை.

விளைவு அந்த வாரமே தெரிந்தது. ஜெபக்குழு எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, பெருங்களத்தூரில் மஞ்சள்காமாலைக்காரர் ஒருவரிடம் போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசீது வாங்கிய பிறகு யாரும் கடைக்குத் திரும்ப வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். வந்து, கட்டிலைப் பார்த்து, பேச்சை வானிலைக்கு மாற்றி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார்கள்.

அந்த வாரம்தான் நோய் மேலே ஏறியது.

பள்ளத்தாக்கில் அவள் நின்ற முதல் தடவையிலிருந்து சொல்கிறேன். அந்தச் சங்கீதத்தில் மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வரும். நடந்துபோனாலும் பயப்படமாட்டேன், ஏனென்றால் அவர் கூட இருக்கிறார் என்று வரும். அவளுக்குப் பள்ளத்தாக்கு வரைக்கும்தான் மூச்சு இருந்தது. அவர் கூட இருக்கிறார் என்பதற்கு இல்லை. அங்கே நின்று மூச்சு வாங்கினாள். நான் எங்கே நின்றாள் என்பதை மனதில் குறித்துக்கொண்டு தண்ணீர் எடுக்கத் திரும்பினேன்.

"அம்மா, மீதிய நீ சொல்லு."

"போதும்டா. ரெஸ்ட் எடு."

"சொல்லும்மா. அங்கயே விட்டா பயமா இருக்கு."

நான் சொன்னேன். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் சொன்னேன். என்னிடம் அப்போது இருந்த குரல் அது ஒன்றுதான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் திருப்தியாக ஆமென் என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் நிற்கிற இடத்திலிருந்து நான் எடுக்க வேண்டும். புதன்கிழமை பாதையோடு நின்றாள். மறுநாள் தண்ணீர். அவள் பங்கு குறையக் குறைய என் பங்கு கூடிக்கொண்டே போனது. நம்பிக்கை இருந்தவளிடம் மூச்சு இல்லை. மூச்சு இருந்தவளிடம் நம்பிக்கை இல்லை. இருவரும் சேர்ந்து ஒரு சங்கீதத்தை எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எங்க வரைக்கும்?"

"தண்ணீர் வரைக்கும் சார்."

அவர் உதட்டைக் கடித்துக்கொள்வார். "பள்ளத்தாக்கு வரைக்கும் வந்துட்டா பரவாயில்லம்மா. பள்ளத்தாக்குக்கு வரணும்."

மரணப் பள்ளத்தாக்குக்குப் பிள்ளை போய்ச்சேர வேண்டும் என்று ஒரு வைத்தியர் ஆசைப்படுவதை அங்கேதான் பார்த்தேன். நானும் ஆசைப்பட்டேன். பக்கத்து அறையில் மெஷினைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். அதை எனக்குக் காட்டவில்லை. ஆயாதான் சொன்னாள்.

அந்த நாட்களில் ஒருவர் மட்டும் வந்தார். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கணவருக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை. பாய் வீடு என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நோன்பு மாதம் அல்ல, ஆனாலும் நோன்புக் கஞ்சிபோலவே பக்குவமாக ஒரு கஞ்சி காய்ச்சித் தூக்கில் எடுத்துவந்திருந்தார். என் மகளின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வெளியே அழைத்தார்.

"ஏன் டீச்சர், தெருவுல உங்க சர்ச் ஆளுங்க, புள்ளைக்குச் சரியாயிடுச்சு, நாளைக்கு நாளன்னைக்கு வந்துடும்னு பேசிக்கிறாங்க. இவ என்னடான்னா இப்படிக் கெடக்கறா."

"ஆமாக்கா."

"நான் அஞ்சு வேளையும் அவளுக்குத் துவா கேட்டுக்கிட்டு இருக்கேன். அவங்க பேச்சக் கேட்டதும் குழம்பிப் போயிட்டேன். நிறுத்தலாமா, கேக்கணுமா? அத மட்டும் சொல்லுங்க."

"நிறுத்தாதீங்க அக்கா" என்றேன்.

அந்த மாதத்தில் நான் யாரிடமும் வாய்விட்டு வைத்த ஒரே ஜெப விண்ணப்பம் அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரை மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, குளித்து உடை மாற்ற இரும்புலியூருக்கு வந்தேன். கதவிடுக்கில் சபையின் வாராந்திர நிகழ்ச்சித் தாள் செருகியிருந்தது. அன்றைய ஆராதனையில், கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்லும் 'சாட்சி' என்ற இடத்துக்கு நேராக என் பெயரைப் போட்டிருந்தார்கள். பெண்கள் சங்கச் செயலாளரின் ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை. நல்ல செய்தி சொல்ல யாராவது மறுப்பார்களா என்று நினைத்திருப்பார்.

போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஈரத் தலையோடு, கிடைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன். முன்னால் அழைத்தார்கள். மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்தார்கள். விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பழகிய எனக்குக் கூட்டம் புதிதல்ல.

"என் மகளுக்குச் சுகமாகல" என்றேன். "போன வாரம் வாசிச்சது அவங்க அப்பாவோட ஆசை. அவளால உக்காரவும் முடியல. நேத்து தண்ணீர் வரைக்கும்கூட அவளால சங்கீதம் சொல்ல முடியல. புல்லோட நிறுத்திட்டா. இதுதான் என் சாட்சி."

முன்வரிசையில் பழக்கதோஷத்தில் ஒரு ஆமென் புறப்பட்டுப் பாதியிலேயே நின்றது. லட்டு கொண்டுவந்த பெண்கள் இருவரும் தலைகுனிந்திருந்தார்கள். அண்ணன்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே ஒரு பாட்டை எடுத்துக்கொடுத்தார். வெற்றிப் பாட்டு. ஆர்மோனியத்துக்கு அது கைவராமல் ஒரு சரணம் முழுக்கத் தடுமாறியது. நான் பாட்டு முடிய நிற்கவில்லை. ட்ரெயினுக்கு ஓடினேன்.

மாலையில் பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தனியாக வந்தார். பாதி நரைத்த, குரல் கனத்த மனிதர். அவர் கண்டிப்பார், அல்லது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்து இரண்டுக்குமே பதில் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நான் விசாரிக்காம வாசிச்சுட்டேன் டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது டாக்டர் வரும் நேரம். டாக்டர் எண்ணச் சொன்னார். பிறகு, "ம், உன்னோடத ஆரம்பி" என்றார். என் மகள் மூச்சை இழுத்தாள். தோளும் கழுத்தும் சேர்ந்து இழுத்தன. முதல் வரியைச் சொன்னாள். புல் வந்தது. தண்ணீர் வரவில்லை. நின்றாள்.

அந்தச் சங்கீதத்தை எத்தனையோ அடக்க ஆராதனைகளில் சொல்லியிருப்பார் பாஸ்டர். தன்னிச்சையாக அவர் வாய் திறந்தது, தண்ணீரிலிருந்து அவர் எடுத்துவிட்டார். என் மகள் தலையை மட்டும் அசைத்து அவரை நிறுத்தினாள்.

"நீங்க இல்ல அங்கிள். அம்மாதான்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர், பாஸ்டர், மகள். ஒருவர் நம்பாதவர், ஒருவர் நம்புவதையே வேலையாகக் கொண்டவர், ஒருத்தி நான் நம்புகிறேன் என்று நம்பியவள். நான் தண்ணீரிலிருந்து ஆரம்பித்தேன். பாதை. பள்ளத்தாக்கு. அந்த இடம் வந்தபோது வருகைப்பதிவுக் குரல் எனக்குக் கைகொடுக்கவில்லை. அவர் கூட இருக்கிறார் என்பதைச் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டேன். யாரும் எனக்காக எடுத்துக் கொடுக்கவில்லை. பாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்ப ஆரம்பித்து, அதைச் சொல்லி, விருந்துக்கும் எண்ணெய்க்கும் போய், கடைசி வரை வந்தேன். அவள் உதட்டை அசைத்தாள்.

ஏதோ ஒளி வந்தது என்று சொன்னால் சாட்சிக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. ஆயா வந்து பெட்பேன் வேண்டுமா என்று கேட்டாள்.

மெஷின் வைக்கவில்லை. மறுநாளும் புல்தான். அதற்கு மறுநாளும் புல். டாக்டர் அதற்கே சந்தோஷப்பட்டார், "ஏறுறது நின்னுடுச்சு போலருக்கு" என்றார். பிறகு ஒரு காலையில் தண்ணீர். அடுத்த வாரம் பாதை. பாஸ்டர் இடையில் இரண்டு முறை வந்தார், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பள்ளத்தாக்குக்கு அவள் திரும்பிவந்த அன்று டாக்டர் நர்சைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பள்ளத்தாக்கு வந்தாச்சு!" பக்கத்துக் கட்டில்காரர்கள் நாங்கள் ஏதோ ஊருக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்தார்கள்.

அதைத் தாண்டிய நாள் எனக்கு வேறு விதமாக நினைவிருக்கிறது. வழக்கம்போல் அவள் நிற்கும் இடத்தில் எடுத்துக்கொள்ள நான் தயாராக இருந்தேன். அவள் நிற்கவில்லை. பள்ளத்தாக்கைக் கடந்து, அவர் கூட இருப்பதையும் தானே சொல்லிவிட்டு, விருந்துக்குப் போய்விட்டாள். திறந்த வாயோடு நான் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் கையிலிருந்த ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோலவும் இருந்தது.

நடக்க மாதங்கள் ஆயின. வீட்டுச் சுவரைப் பிடித்து, பிறகு அப்பாவின் விரலைப் பிடித்து, ஒரு மாலையில் எதையும் பிடிக்காமல் வாசல் கேட் வரைக்கும் வந்தாள். அந்த ஞாயிறு என் கணவர் மறுபடியும் ஒரு கவரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். இந்த முறை சரக்கை எண்ணிப் பார்த்தாகிவிட்டது. பொருளாளர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இதுக்குத்தான் அன்னைக்கே குடுத்துட்டீங்களே பிரதர்?"

அவர் பேனாவை வாங்கி, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மேலே 'நன்றி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாராம். அதை யாரும் வாசிக்கவில்லை. எதற்கென்று தெரியாமல் என்னவென்று வாசிப்பார்கள்? அண்ணன் மட்டும் சந்திக்கும் போதெல்லாம் ஞாபகப்படுத்தினார்: "நான் அன்னைக்கே சொன்னேன் பாத்தீங்களா டீச்சர்!" பார்த்தேன். மறுக்கவும் முடியவில்லை.

போன மாசம் பக்கத்து வீட்டு அக்கா மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு வாக்கில், மகளின் பேரைச் சொல்லித் தினமும் துவா கேட்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இன்னுமா அக்கா? அவ பிளஸ் டூ வந்துட்டா!"

"நீங்கதான் நிறுத்தாதீங்கன்னு சொன்னீங்க. அப்பறம் நிறுத்தச் சொல்லவே இல்லையே டீச்சர்" என்றார், வடகத்தைக் கிள்ளிவைத்தபடி. "நிறுத்தட்டுமா, வேணாமா?"

"வேணாம் அக்கா. இருக்கட்டும்."

இத்தனைக்குப் பிறகு நான் நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. இப்போதும் அவள் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் படி ஏறினால், பின்னால் வருகிற நான் அவள் மூச்சைத்தான் கேட்கிறேன். அவளுடைய செருப்பு தேய்ந்தால் குனிந்து பார்க்கிறேன். சளி பிடித்தால் ஏதாவது ஒரு சாக்கில் அவளை நீளமாகப் பேசவைக்கிறேன். அவளுக்கு எரிச்சல் வருகிறது. "அம்மா, டெஸ்ட் பண்ணாத!" என்கிறாள்.

அந்த வார்டில் கடவுள் இருந்தாரா என்று என்னைக் கேட்டால், இருந்தார் என்று சபையில் சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. இருக்கிறார், இருக்கிறார் என்று அத்தனை நாள் நானேதான் காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவள் பயப்படாமல் தூங்கினாள். பக்கத்தில் இருப்பதற்கு நானே போதும் என்று ஒருநாள் நினைத்தவளுக்கு, நான் போதவில்லை என்று தெரிந்த இடமும் அந்தக் கட்டில்தான்.

டியூஷன் முடிந்து அவள் வருகிற பஸ் சில மாலைகளில் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. நான் கேட்டில் நின்று தெருமுனையைப் பார்க்கிறேன். உதடு தானாக அசைய ஆரம்பிக்கும். பள்ளத்தாக்குக்கு அப்புறம் வருவதிலிருந்துதான் சொல்வேன். அதற்கு முன்னால் உள்ளதை நான் சொல்வதில்லை. அது அவள் பங்கு, அவள் வந்து சொல்லிக்கொள்வாள்.